மலைக்குப் போகிற ரைஃபிளில் எடையை எங்கே குறைப்பது?

கேள்வி இதுதான்: கைவசம் .308 வின்செஸ்டர் தோட்டா போடுகிற சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. ஸ்கோப்போடு சேர்த்து 4 கிலோவைத் தாண்டுகிறது. செங்குத்தான மலையில் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். வீட்டுப் பட்டறையிலேயே இதை 3 கிலோவுக்குக் கொண்டுவர முடியுமா? குழலை வெட்டிக் குட்டையாக்குவதில் ஆரம்பிக்கலாமா, இல்லை டைட்டானியம் ஆக்‌ஷன், அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயக்கப் பகுதி, வாங்கிப் பொருத்துவதா?

கொண்டுவர முடியும். ஆனால் குழலில் ஆரம்பிக்க வேண்டாம், டைட்டானியத்திலும் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் ஸ்கோப், அடுத்து கட்டை, அதாவது தோளில் சாய்த்துக் கையால் பிடிக்கும் உடல்பகுதி. இந்த இரண்டிலேயே வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அவ்விரண்டும் துப்பாக்கியின் அழுத்தம் தாங்கும் பாகங்களைத் தொடாதவை என்பது இன்னொரு நல்ல விஷயம்.

எதையும் கழற்றுவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். கட்டையை மாற்றுவதற்கு ஒரு விதி, குழலை மாற்றுவதற்கு வேறொரு விதி, குறைந்தபட்சக் குழல் நீளத்துக்குத் தனி விதி என்று பல நாடுகளில் இருக்கிறது. சில இடங்களில் உரிமம் இல்லாதவர் பழுதுபார்ப்பதே குற்றம். இதில் ஊகத்துக்கு இடமே கிடையாது.

சரி, எடைக்கு வருவோம். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்துகொண்டு, துப்பாக்கியைப் பாகம் பாகமாகப் பிரித்துத் தராசில் வைத்துப் பாருங்கள். வழக்கமான .308 தொழிற்சாலை ரைஃபிளில் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: ரிசீவர் (குழல் பொருந்தும் உலோகக் கூடு), போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் தண்டு), விசை (சுட இழுக்கும் ட்ரிகர்), மேகசின் பாகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். 22 அங்குலக் குழல் 1.2 கிலோ. கட்டை ஒரு கிலோவை ஒட்டி. அதற்கு மேலே தடித்த குழாயும் பெரிய முன் லென்ஸும் உள்ள ஸ்கோப் 700 கிராம், அதைப் பிடித்திருக்கும் எஃகு வளையங்களும் தளமும் 150 கிராம். மொத்தம் 4.1 கிலோ. வார், நான்கு தோட்டா எல்லாம் இதில் சேரவில்லை. ஒரு .308 தோட்டா சுமார் 24 கிராம்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். 850 கிராம் ஸ்கோப்பிலும் அதன் பிடிகளிலும் உட்கார்ந்திருக்கிறது. 300 மீட்டருக்குள் சுடுகிற வேட்டைக்கு 6 மடங்கு நிலையான உருப்பெருக்கமோ, 2.5 முதல் 8 வரை மாறுகிற சின்ன ஸ்கோப்போ தாராளமாகப் போதும். அவை 280 முதல் 330 கிராமுக்குள் கிடைக்கின்றன. வளையமும் தளமும் ஒரே துண்டாக அலுமினியத்தில் கடைந்த பிடிகள் 70 கிராம் அளவில் இருக்கின்றன. ஆக ஸ்க்ரூடிரைவரைத் தவிர எந்தக் கருவியும் இல்லாமல் 450 கிராம் இறங்கிவிட்டது. அதுவும் துப்பாக்கியின் மேல்பாரம் குறைகிறது. மேலே கனமான ஸ்கோப் இருந்தால், மூச்சு வாங்கிக்கொண்டு நின்று குறிபார்க்கும்போது துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருக்கும். சின்ன ஸ்கோப்பில் அந்தத் தொல்லை பாதியாகக் குறையும்.

ஒரு எச்சரிக்கை. லேசான துப்பாக்கி சுடும்போது வேகமாகப் பின்னால் வரும். ஆகவே கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே 90 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளியில் முழுக் காட்சி தரும் ஸ்கோப்பாகப் பார்த்து வாங்குங்கள். மேல்நோக்கிச் சரிவில் படுத்துச் சுடும்போது புருவம் கிழிவது பெரும்பாலும் இந்த இடைவெளி போதாமல்தான்.

அடுத்தது கட்டை. வால்நட் மரக் கட்டை 900 கிராமிலிருந்து 1.1 கிலோ வரை. அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் கட்டை லேசாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். எடை போட்டுப் பார்த்தால் அதுவும் ஒரு கிலோவை ஒட்டித்தான் நிற்கும், முன்பகுதி வேறு கையால் அழுத்தினாலே வளையும். உண்மையில் எடை இறங்குவது கெவ்லார், கார்பன் இழைகளை எபாக்சிப் பசையில் போட்டுக் கையால் அடுக்கிச் செய்யும் கட்டைகளில்தான். உள்ளே நுரையோ வெற்றிடமோ இருக்கும். இவை 450 முதல் 600 கிராம். இங்கே இன்னொரு 450 கிராம் குறைகிறது. ஆக 4.1 கிலோ துப்பாக்கி 3.2 கிலோவுக்கு வந்துவிட்டது. குழலையும் ஆக்‌ஷனையும் இன்னும் தொடவே இல்லை.

இந்த இழைக் கட்டை யோசனையை ஒரு முழுத் துப்பாக்கியாகவே ஆக்கிக் காட்டியவர் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மெல்வின் ஃபோர்ப்ஸ். 1980களின் நடுவில் அவர் ஆரம்பித்த அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் மாடல் 20 ரைஃபிள், ஸ்கோப் இல்லாமல் 5 பவுண்டு, அதாவது 2.3 கிலோ அளவில் இருந்தது. ஆக்‌ஷன் 20 அவுன்ஸ் என்பதால்தான் அந்தப் பெயர். அவர் டைட்டானியத்தை நம்பவில்லை. தோட்டாவின் அளவுக்கு மிகாமல் எஃகு ரிசீவரைச் சின்னதாகச் செய்தார். கட்டையைக் குழலைவிட விறைப்பாகச் செய்து, குழல் முழு நீளத்துக்கும் அதில் படிந்து உட்காரும்படி வைத்தார். மெல்லிய குழல் சுடும்போது அதிர்வதைக் கட்டையே அடக்கிவிடுகிறது. குழல் எங்கும் தொடாமல் மிதக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எதிர்த்திசையில் போய்ச் சாதித்தார். எடையைக் குறைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை இது. துளைபோட்டு, சுரண்டி, சீவி எடுப்பதைவிட, முதலிலேயே தேவைக்கு மேல் உலோகம் வைக்காமல் இருப்பது.

அதற்கு முன்பும் ஆட்கள் முயன்றிருக்கிறார்கள். 1903இல் வந்த மான்லிஷர்-ஷோனவர் கார்பைன் கையில் எடுத்தாலே தெரியும், எவ்வளவு ஒல்லியான துப்பாக்கி என்று. 1952இல் வின்செஸ்டர் மாடல் 70 ஃபெதர்வெயிட் .308 தோட்டாவோடு சேர்ந்தே அறிமுகமானது. மெல்லிய 22 அங்குலக் குழல், விசைக் காப்புக்கும் அடித்தட்டுக்கும் அலுமினியம் என்று அதன் எடை 6.5 பவுண்டு அளவுக்கு வந்தது. மலையாட்டு வேட்டைக்குப் பேர்போன ஜாக் ஓ'கானர் அத்தகைய ஃபெதர்வெயிட் ஒன்றை அடிப்படையாக வைத்துச் செய்துகொண்ட .270 ரைஃபிள், ஸ்கோப்போடு 8 பவுண்டு, அதாவது 3.6 கிலோ அளவில்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க மலை ஏறியவர் அந்த எடையோடு நிறுத்திக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். இன்றைய கட்டையும் ஸ்கோப்பும் அவருக்குக் கிடைத்திருந்தால் இன்னும் குறைத்திருப்பார். ஆனால் 2.3 கிலோவுக்குப் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

காரணம் உதை. கணக்கு எளிது. .308இல் 9.7 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னாலேயே 2.9 கிராம் வெடிமருந்து வாயுவாகி அதைவிட வேகமாக வெளியேறுகிறது. இரண்டின் உந்தமும் சேர்ந்து, தோராயமாக, 12 கிலோகிராம் மீட்டர்/நொடி. அதே உந்தத்தைத் துப்பாக்கி எதிர்த்திசையில் வாங்கிக்கொள்கிறது. 3.6 கிலோ துப்பாக்கியில் அது 20 ஜூல் உதை. 2.7 கிலோவில் 27 ஜூலை நெருங்கும். 2.25 கிலோவில் 32 ஜூல். தோளில் வந்து இடிக்கும் வேகமும் நொடிக்கு 3.3 மீட்டரிலிருந்து 5.3 மீட்டராக ஏறுகிறது. உடம்புக்கு உறைப்பது இந்த வேகம்தான். அதே 2.7 கிலோவில் .300 வின்செஸ்டர் மேக்னம் போட்டால் 50 ஜூல். அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு பயிற்சி செய்ய யாருக்கும் மனம் வராது. பயிற்சி இல்லாதவர் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவார். விலங்கு காயத்தோடு ஓடும். எடை குறைப்பில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

லேசான துப்பாக்கிக்கு உதை குறைந்த தோட்டாவே பொருத்தம். உங்களிடம் .308 இருக்கிறது, அது இந்த எல்லைக்குள் வருகிறது. புதிதாக வாங்குபவராக இருந்தால் 1980இல் வந்த 7மிமீ-08 ரெமிங்டனையோ, 2007இல் வந்த 6.5 கிரீட்மூரையோ சொல்வேன். இரண்டும் நீளம் குறைந்த தோட்டாக்கள், குட்டை ஆக்‌ஷனில் அடங்கும், அதிலேயே கொஞ்சம் எடை மிச்சம். பழையவற்றில் 1892ஆம் ஆண்டின் 7x57 மவுசருக்கு இன்றும் குறையில்லை. ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் பரிசாக வந்த .275 ரிக்பி ரைஃபிள் சுடுவது இந்தத் தோட்டாவைத்தான்.

இனி குழல். இரண்டு அங்குலம் வெட்டினால் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போம். மெல்லிய வேட்டைக் குழலின் வாய்ப்பகுதி விட்டம் 14 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். உள்ளே துளையைக் கழித்தால், இரண்டு அங்குல எஃகு சுமார் 45 கிராம். இரண்டு தோட்டா எடை கூட இல்லை! அதற்காகக் குண்டு நொடிக்கு 12 முதல் 18 மீட்டர் வேகத்தை இழக்கிறது, சத்தமும் தீப்பிழம்பும் கூடுகின்றன. அதே குழலின் அடிப்பகுதி, தோட்டா அமரும் இடம், 30 மில்லிமீட்டர் விட்டம். அங்கே ஒரே ஒரு அங்குலம் 110 கிராமைத் தாண்டும். ஆக, குழலின் எடையைத் தீர்மானிப்பது அடியிலிருந்து எவ்வளவு சீக்கிரம் அது ஒல்லியாகிறது என்பதே. ஆனால் அந்தத் தடிமன் காரணத்தோடுதான் இருக்கிறது. .308 தோட்டா வெடிக்கும்போது அங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. வளிமண்டல அழுத்தத்தைப் போல 4,000 மடங்குக்கு மேல். லேத்தில் நாமாகச் சீவிப் பார்க்கிற இடம் அது இல்லை. முகத்துக்குச் சில அங்குலம் முன்னால் நடக்கும் விஷயம்.

அதனால் குழலை மாற்றுவதாக இருந்தால், பெயர்பெற்ற குழல் தயாரிப்பாளரிடம் லேசான வடிவத்தில் வாங்கி, உரிமம் உள்ள துப்பாக்கிப் பணியாளரிடம் (கன்ஸ்மித்) கொடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். குழலில் தோட்டா அமரும் அறையை வெட்டுவது, போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியை அதற்கான அளவுக் கருவிகளால் சரிபார்ப்பது, சோதனைச் சுடல் எல்லாம் அவர் வேலை. ஒரு கிலோ எடையில் 22 அங்குலக் குழல் கிடைக்கும், 200 கிராம் குறையும். இதோடு நீங்கள் 3 கிலோவைத் தொட்டுவிட்டீர்கள். அதைவிட ஒல்லியான குழல்களும் உண்டு, எனக்கு அவற்றில் ஆர்வம் இல்லை. முனை ரொம்ப லேசாகிவிட்டால், ஏறி வந்த மூச்சிரைப்பில் முனை ஆடிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் கொஞ்சம் கனம் இருந்தால்தான் துப்பாக்கி நிற்கும். எடையைப் பின்னாலும் மேலேயும் குறையுங்கள், முனையில் சற்று விட்டுவையுங்கள்.

நீளவாக்கில் பள்ளம் வெட்டிய குழல் அழகாக இருக்கும். 60 முதல் 120 கிராம் வரை குறையலாம். ஆனால் பள்ளம் வெட்டினால் குழல் விறைப்பாகிறது என்பது பாதி உண்மைதான். அதே எடையுள்ள முழு உருளைக் குழலைவிட விறைப்பு, அதே விட்டமுள்ள வெட்டாத குழலைவிட விறைப்புக் குறைவு. கார்பன் சுற்றிய குழலும் அப்படித்தான். தடித்த குழலுக்கு மாற்றாக வைத்தால் லாபம், ஏற்கெனவே மெல்லிய எஃகுக் குழலோடு ஒப்பிட்டால் எடையில் பெரும்பாலும் லாபம் இல்லை.

டைட்டானியம் ஆக்‌ஷன் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எஃகின் அடர்த்தியில் டைட்டானியக் கலவை கிட்டத்தட்ட 56 சதவீதம்தான். நன்றாகச் செய்த ரிசீவரில் 300 கிராம் வரை மிச்சமாகலாம். ஆனால் டைட்டானியம் டைட்டானியத்தோடு உரசினால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அதனால் போல்ட்டை எஃகில் செய்வார்கள், அல்லது மேல்பூச்சு கொடுப்பார்கள். விலையும் சேர்ந்து பார்த்தால், ஒரு கிராமைக் குறைக்க ஆகும் செலவு இதில்தான் மிக அதிகம். எல்லாம் முடித்த பிறகும் பணம் இருந்தால் பார்க்கலாம். உங்கள் எஃகு ரிசீவரில் துளைபோட்டுக் குறைக்கலாமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். போல்ட்டின் பிடிகள் பூட்டிக்கொள்ளும் இடம், வாயு தப்பும் துளைகள், வெப்பப் பதம் என்று எது எங்கே என்ன வேலை செய்கிறது என்பது வெளியே தெரியாது.

வீட்டுப் பட்டறையில் நீங்களே செய்யக்கூடிய உண்மையான வேலை பெட்டிங், அதாவது உலோகப் பகுதி கட்டையில் அசையாமல் படிந்து உட்காரும்படி எபாக்சியால் படுக்கை அமைப்பது. லேசான துப்பாக்கி துல்லியமாகச் சுடுவதும் சுடாததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. முதலில் சோதியுங்கள்: புதுக் கட்டையில் ஆக்‌ஷனை வைத்து இரண்டு திருகுகளையும் இறுக்குங்கள். ஒரு விரல் நுனியைக் கட்டையின் முனையும் குழலும் சேரும் விளிம்பில் வையுங்கள். மறு கையால் முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள். குழல் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால், ரிசீவர் கட்டையில் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யத்தான் எபாக்சி. உதையை வாங்கிக் கட்டைக்குக் கொடுக்கும் அந்தச் சின்ன எஃகுக் கட்டி, ரீகாயில் லக், அதன் பின்முகம் மட்டும் எபாக்சியில் அழுந்தி உட்கார வேண்டும். முன்னும் பக்கங்களும் அடியும் தொடக்கூடாது, அவற்றில் ஓரிரு அடுக்கு டேப் ஒட்டிவிடுங்கள். திருகுத் துளைகள், விசைக்கான இடைவெளி, எபாக்சி புகுந்தால் பிடித்துக்கொள்ளும் எல்லாப் பள்ளங்களையும் களிமண்ணால் அடையுங்கள். உலோகம் முழுவதும், எபாக்சி ஒட்டாமல் தடுக்கும் ரிலீஸ் மெழுகு பூசுங்கள். ஒரு விரற்கடை இடம் விட்டாலும் ஆக்‌ஷன் கட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சூடுபடுத்தியோ உறையவைத்தோ பிரிக்க வேண்டியிருக்கும்.

எபாக்சி காயும்போது திருகுகளை முழுசாக இறுக்கினால் பழைய வளைவையே வார்த்துவைத்ததாகிவிடும். வெறுமனே அமர்ந்திருக்கும் அளவுக்குப் பிடித்தால் போதும். திருகு இருக்கும் இடங்களில் அலுமினியத் தூண்கள் வையுங்கள். நுரை நிரப்பிய லேசான கட்டை இறுக்கத்தில் நசுங்காமல் இருக்க அவைதான் துணை. காய்ந்ததும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தூண் உள்ள கட்டைகளுக்கு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வழக்கம், கட்டை செய்தவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. குழலை முதலில் மிதக்க விட்டுச் சுட்டுப் பாருங்கள். குண்டுகள் சிதறினால் கட்டை முனைக்கருகே ஒரு சின்ன எபாக்சித் திட்டு வைத்து, குழலை லேசாகத் தாங்கவிடலாம். மெல்லிய குழல்கள் பலவற்றுக்கு இது பிடிக்கும்.

விசையை 1.2 கிலோ இழுவைக்குச் சரிசெய்வது பெரிய உதவி. துப்பாக்கியே 3 கிலோ இருக்கும்போது 3 கிலோ விசையை இழுத்தால் துப்பாக்கிதான் நகரும். ஆனால் விசையின் உள்முகங்களை அரத்தால் தேய்க்காதீர்கள். திருகு வைத்துச் சரிசெய்யும் நல்ல விசையை வாங்கிப் போடுங்கள். ஒரு கிலோவுக்குக் கீழே போக வேண்டாம், குளிரில் விறைத்த விரலுக்கு அது தெரியாது. போட்டபின் காலி அறையோடு போல்ட்டைப் பலமாக மூடிப் பாருங்கள், கட்டையின் அடியைத் தரையில் தட்டிப் பாருங்கள். ஒருமுறை தானாக விடுபட்டாலும் அந்த விசை வேண்டாம்.

கட்டையின் பின்னால் உள்ள ரப்பர் மெத்தையில் எடையைப் பார்க்காதீர்கள். நல்ல மென்மையான மெத்தை, தோளின் நேர்க்கோட்டுக்குப் பக்கத்தில் வரும் கட்டை வடிவம், இவை உதையைத் தாங்கக்கூடியதாக ஆக்கும். முனையில் மசில் பிரேக், அதாவது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துளையிட்ட குப்பி, போடலாம், உதை நன்றாகவே குறையும். ஆனால் சத்தம் சுடுபவரையும் பக்கத்தில் நிற்பவரையும் நோக்கித் திரும்புகிறது. வேட்டைக்காரர்கள் காதுக் காப்பு இல்லாமல் சுடுவது வழக்கமாக இருப்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. போன செவித்திறன் திரும்பி வராது.

கடைசியாக, சுடுகிற விதம். குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே 2.7 கிலோ துப்பாக்கி 2 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்துவிடுகிறது. அதனால் லேசான ரைஃபிள் பிடிக்கும் விதத்துக்கு ஏற்ப இடம் மாற்றிச் சுடும். மணல் மூட்டைமேல் வைத்துச் சும்மா விரலால் விசையை மட்டும் தொட்டுச் சுட்டால் ஒரு இடம், மலையில் முன்கட்டையைப் பிடித்துச் சுட்டால் வேறொரு இடம். ஸ்கோப்பைச் சரிபார்க்கும்போதும் மலையில் பிடிப்பது போலவே முன்கட்டையைக் கையால் பிடித்து, கையை மூட்டைமேல் வையுங்கள். மெல்லிய குழல் மூன்று சுடலிலேயே சூடாகிவிடும். பத்துக் குண்டுக் கூட்டத்தை வைத்து அதை மதிப்பிடுவதில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரு குண்டு, குளிர்ந்த குழலில், ஒரே அட்டையில், 100 மீட்டரில் சுட்டுக்கொண்டே வாருங்கள். அட்டையைப் பத்திரமாக எடுத்துவையுங்கள். சில வாரம் கழித்து அந்த முதல் குண்டுகள் எல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கினால் துப்பாக்கி தயார். அடங்கவில்லை என்றால் குழல்மேல் பழிபோடும் முன் பெட்டிங்கையும் ஸ்கோப் திருகுகளையும் மறுபடி பாருங்கள், தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.